இடது காலுக்கு ஒரு தடவை

என் மகள் என்னைப் பற்றித் தோழிகளிடம் "அம்மா ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க" என்று சொல்லிவைத்திருந்தது, அவளுடைய கல்லூரி வாசலில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். பாவம், படிக்கிற பிள்ளை கண் தெரியாமல் தடவுமே என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் அவளோடு நின்ற ஒரு பெண், நல்ல சிரித்த முகம், "ஆன்ட்டி, இன்னிக்கு ஆபீஸுக்கு லீவா?" என்று கேட்டாள். எந்த ஆபீஸ் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முகம் சிவக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, "ஆமா, லீவுதான். நீ கிளம்பும்மா, வெயில்ல நிக்காத" என்று என் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டாள்.

நான் எந்த ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. நான் பாலே டான்ஸ் பள்ளியில் பியானோ வாசிக்கிறவள். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள். அவர்கள் காலைத் தூக்கி இறக்குவார்கள், நான் மூலையில் உட்கார்ந்து அதற்குத் தட்டுவேன். மகளும் பியானோதான் படிக்கிறாள், அந்தக் கல்லூரியில். அங்கே பியானோ என்றால் மேடை, விளக்கு, கறுப்பு உடை. அம்மாவும் பியானோ என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்களே, அதற்குத்தான் அம்மாவை ஆபீஸில் சேர்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் ஆடிய ஆட்டத்துக்கு டான்ஸ் பள்ளியே தோற்றுப்போகும்.

"என் வேலை உனக்குக் கேவலமாப் போச்சாடி? இந்த விரலால தட்டித் தட்டித்தான் உனக்குப் பியானோ வாங்கினேன். அதுல உக்காந்து வாசிக்கும்போது கூசலையா?"

"கேவலம்னு நான் சொன்னேனா? விளக்கிச் சொல்லக் கஷ்டமா இருந்துச்சு. அதான்."

"நெசத்தச் சொல்றதுக்கு விளக்கம் வேற வேணுமா உனக்கு?"

என் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். வீட்டுக்கும் நாலு கண்ணாடிச் சட்டங்களைக் கொண்டுவந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பார். "விடேன், வயசு அப்படி" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். அவருக்கு அது கைவந்த கலை, சும்மா இருந்தார். நான் மட்டும் விடவில்லை. அவள் அழுது, முகம் வீங்கி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் வரை விடவில்லை.

மறுநாள் இதைக் குச்சியிடம் சொல்லி அழுதேன். குச்சி எங்கள் டான்ஸ் டீச்சர். ஆளும் குச்சி, கையிலும் குச்சி. அந்தக் கைத்தடியால் தரையில் தட்டித்தான் வகுப்பு நடத்துவாள். பெற்றோர்கள் மரியாதையாக மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அவர்களுக்கும் குச்சிதான். நானும் அவளும் ஒரே மாதத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பியானோவுக்கு அடியில் துணி விரித்துப் படுக்கப் போட்டுவிட்டு வாசிப்பேன். அவள் சிணுங்கினால் குச்சி ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் தரையைத் தட்டுவாள். மகளுக்கு அவள் பெரியம்மா. கூடப் பிறந்த அக்கா இருந்திருந்தால்கூட என்னை இவ்வளவு திட்டியிருக்க மாட்டாள்.

"சின்னப் பொண்ணுடி. நாலு பேர் முன்னாடி வாய்ல எது வந்துச்சோ சொல்லிட்டா" என்றாள் குச்சி. "நீ மேடையில வாசிக்கிறத ஒரு தடவை பார்த்துட்டான்னு வை, தானா வாய் திறப்பா."

"நான் எந்த மேடைக்குப் போக? இந்த மூலைதான் எனக்கு."

"மூலைல உக்காந்து மூக்குச் சிந்தாத. பசங்க வந்தாச்சு. அழுமூஞ்சியப் போடு."

அழுமூஞ்சி என்பது ஒரு பாட்டுக்கு அவள் வைத்த பெயர். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வகுப்பு நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். குச்சி தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்குவார்கள். எட்டு எட்டாக எண்ணிக்கை. அந்தப் பாட்டு முடிந்ததும் நின்றுவிடக் கூடாது. குச்சி மறுபடி தரையில் தட்டுவாள், நான் பியானோவில் 'டம், டம்' என்று இரண்டு தட்டு. பிள்ளைகள் திரும்பி நின்று மறு கையால் கம்பியைப் பிடிப்பார்கள். இப்போது இடது கால். அதே பாட்டு, முதலிலிருந்து. ஒரு காலுக்குச் செய்ததை இன்னொரு காலுக்குச் செய்யாவிட்டால் உடம்பு கோணிப்போகுமாம். ஆகவே அந்த அறையில் எதுவுமே ஒரு தடவையோடு முடியாது. ஒரு பாட்டையும் கடைசி வரை வாசித்ததும் கிடையாது. முதல் பகுதியை வலது காலுக்கு, முதல் பகுதியை இடது காலுக்கு, அடுத்த பாட்டு.

அழுமூஞ்சியையும் நான் அப்படித்தான் வெட்டி வைத்திருந்தேன். மெல்லக் காலை உயர்த்தி, அங்கேயே நிறுத்தி, மெல்ல இறக்குகிற பயிற்சிக்கு அது அவ்வளவு பொருத்தம். ஆனால் உண்மையில் அது எப்படிப்பட்ட இசை என்று வீட்டில் தனியாக வாசிக்கும்போது எனக்குத் தெரியும்.

அதை எழுதியவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கிழவரான பிறகு எழுதியது. அந்தக் காலத்துப் பியானோ இசையில் விரல் வித்தை உண்டு, இடி முழக்கம் உண்டு, காதல் புலம்பல் உண்டு. இதில் ஒன்றும் கிடையாது. ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு, நடந்ததை எல்லாம் தனக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிற மாதிரி, ஆரம்பம் முதல் முடிவு வரை குரல் உயராது. மெட்டு மேலே நின்று பாடாது. மேலேயும் கீழேயும் வேறு ஸ்வரங்கள் மூடியிருக்க, நடுவில் கட்டைவிரல்தான் அதை மெல்லச் சொல்ல வேண்டும். இடது கை எப்போதும் ஒரு மூச்சு தாமதித்து வந்து சேரும். முதல் பகுதி முடிகிற இடத்தில் முடியாமல் தொங்கும். அங்கே ஒரு மௌனம். அது எவ்வளவு நேரம் என்று எழுதியவர் சொல்லவில்லை, வாசிக்கிறவர் மனசுக்கு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடுப்பகுதி, கொஞ்சம் இருட்டு. அப்புறம் பழைய மெட்டு திரும்பி வரும், ஆனால் அதே ஆளாக வராது. ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே நான் முழுப் பாட்டையும் வாசிப்பேன்.

மேடை என் அண்ணன் மூலமாக வந்தது. ஊரில் உள்ள இசை அரங்கில் அவன் விளக்குப் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே நிகழ்ச்சி உண்டு. முதலில் ஒருவர் தனியாகப் பியானோ வாசிப்பார், இடைவேளைக்குப் பிறகு சேர்ந்திசைக் குழு பாடும். வாசிக்க இருந்தவர் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார, "என் தங்கச்சி வாசிப்பா சார்" என்று அண்ணன் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

"என்னைக் கேட்டியாண்ணே?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவ. அதான் கேக்கல."

அழுமூஞ்சியைத்தான் வாசிப்பது என்று நான் அன்றே முடிவு பண்ணிவிட்டேன். அது ஒன்றுதான் எனக்கு உயிர். மகள் இதைக் கேட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பியானோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தச் சாயங்காலச் சண்டைக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

"வாசிம்மா, கேக்கறேன்."

வாசித்தேன். பாதியில் கையைப் பிடித்தாள்.

"நீ எண்ணுறம்மா. உதடு அசையுது."

"எண்ணாம எப்படிடி வாசிக்கிறது?"

"இது யாரும் கால் தூக்குறதுக்கு இல்ல. அவரு யோசிச்சு யோசிச்சுப் பேசறாரு. யோசிக்கிறவன் எண்ணிக்கிட்டா பேசுவான்? இந்த இடத்துல கொஞ்சம் நில்லு. சொல்லலாமா வேணாமான்னு நில்லு. அப்புறம் சொல்லு."

பெற்ற பிள்ளை சொல்லித் தர, நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு ரோஷம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், வந்தது. ஆனால் அவள் சொன்ன மாதிரி நின்றபோது அந்த மெட்டு தானாக மூச்சு விட்டது. தினமும் அப்படி உட்கார்ந்தோம். அவள் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு இசை நோட்டைப் பார்ப்பாள். கடைசி வாரத்தில் ஒரு நாள், "எங்க சாரையும் கூட்டிட்டு வரேம்மா. ஃப்ரெண்ட்ஸும் வராங்க" என்றாள்.

"என்னை யாருன்னு சொல்லுவ?"

அவள் முகம் சிவந்தது. "எங்கம்மான்னு சொல்லுவேன். எங்கம்மா பியானோ வாசிக்கிறாங்கன்னு சொல்லுவேன். போதுமா?"

எனக்கு அது போதும். உலகத்தில் வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் மட்டும் அந்த ஒரு பாட்டை ஒழுங்காக வாசித்துவிட்டால் போதும், என் பிள்ளை இனி என்னை எந்த ஆபீஸிலும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் கூட்டம் ஓரளவுக்கு இருந்தது. திரை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மகள், இந்தப் பக்கம் தோழிகள், அந்தப் பக்கம் அவளுடைய பேராசிரியர். பஞ்சு மாதிரி நரைத்த தலை, மடியில் தொப்பி. பின்னால் எங்கேயோ குச்சியும் இருப்பாள், வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். என் கணவருக்குக் கடையில் லீவு கொடுக்கவில்லை. அண்ணன் மேலே விளக்கு மேடையிலிருந்து கட்டைவிரலைக் காட்டினான். கறுப்புப் புடவையில் போய் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. சத்தியமாக நன்றாகத்தான் ஆரம்பித்தது. எண்ணவில்லை. கட்டைவிரல் தானே பாடியது, இடது கை ஒரு மூச்சு தாமதித்து வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். அரங்கம் மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. முதல் பகுதியின் கடைசி ஸ்வரம் தொங்கி நின்றது. கையைத் தூக்கினேன். அந்த மௌனம் வந்தது.

அப்போது பின்வரிசையில் யாரோ எழுந்திருக்க, மடக்கு நாற்காலி 'டக்' என்று அடித்தது.

என் கைகள் இறங்கின. டம், டம். இரண்டு தட்டு. அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

நான் ஆரம்பித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, கைகள் ஆரம்பித்தன. நான் நாலு ஸ்வரம் தாண்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். ஐயோ என்று உள்ளே ஒரு கத்தல். வலது கால் முடிந்தது, இப்போது நான் அந்த அரங்கத்தையே இடது காலுக்குத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். நடுவில் நிறுத்தவும் முடியாது. காது மடல் சுட்டது, கழுத்தில் வேர்வை இறங்கியது. எது போனால் திரும்ப வராது என்று அந்த மனிதர் எழுதினாரோ, அதை நான் சும்மா கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் அந்த ஒரு ஸ்வரம் இறங்கி வந்தபோது அதற்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. மூன்றாவது வரிசைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. மேடையில் இருந்த பலகைகளுக்குள் இறங்கிப் போய்விடலாம் போல் இருந்தது.

முடித்தேன். கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அதுதான் கொடுமை. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து வணங்கிவிட்டு உள்ளே வந்தால், அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்து, "பின்னிட்ட!" என்றான். எனக்கு அவனை அறையலாம் போல் வந்தது.

ஒப்பனை அறையில் போய் உட்கார்ந்தேன். சின்ன அறை, ஒரு மேஜை, நாலு நாற்காலி, சேர்ந்திசைக்காரர்களின் கோட்டுகள் ஆணியில் தொங்கின. அங்கே முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. மகள் வந்தாள், அவளுக்குப் பின்னால் பேராசிரியர். மகள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். பியானோவுக்கு அடியில் படுத்து அந்த இரண்டு தட்டைக் கேட்டு வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ரொம்ப அருமையா வாசிச்சீங்கம்மா" என்றார் பேராசிரியர். கும்பிட்டேன். "ஒரு சந்தேகம். முதல் பகுதியத் திருப்பி வாசிச்சீங்களே, நடுவுல ரெண்டு தட்டு வேற வந்துச்சு. நான் பார்த்த பதிப்புல அது கிடையாதே?"

கேலி இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு வார்த்தை, தப்பாப் போச்சு சார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"பழைய பதிப்பு சார்" என்றேன். "அதுல இருக்கு."

மகள் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"அப்படியா! பழைய பதிப்பா? எனக்குத் தெரியாமப் போச்சே." அவருக்கு ஒரே சந்தோஷம். "நீங்க எங்கம்மா வாசிக்கிறீங்க? இல்ல, எங்கயாவது சொல்லித் தர்றீங்களா?"

டான்ஸ் பள்ளி என்று சொன்னால் தீர்ந்தது. இரண்டு தட்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிடும். பழைய பதிப்பு பல்லை இளிக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று கைவசம் தயாராக நின்றது.

"எங்கயும் இல்ல சார். வீட்லதான். சும்மா, எனக்காக வாசிக்கிறது."

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். திறந்திருந்த கதவில் குச்சி நின்றாள்.

கையில் கைத்தடி இல்லை. நல்ல நாளுக்கு எடுத்துக் கட்டுகிற பச்சைப் புடவை, காகிதத்தில் சுற்றிய ஒரு கொத்துப் பூ. நான் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பேராசிரியரைப் பார்த்தாள், நிலைமையைப் புரிந்துகொண்டாள். வகுப்பில் பிள்ளை தடுமாறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிக்கிறவள் அவள்.

"மன்னிக்கணும், உள்ள வரலாமாங்க?" என்றாள். "உங்க வாசிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. முன்னப் பின்னத் தெரியாது, இருந்தாலும் சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு."

பூவை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

"நீங்களும் இசைதானா?" என்று பேராசிரியர் அவளைக் கேட்டார்.

"இல்லைங்க, நான் சின்னப் பசங்களுக்கு பாலே சொல்லித் தர்றேன். எங்க கிளாஸ்லயும் ஒரு அம்மா பியானோ வாசிக்கிறாங்க." குச்சி என் பக்கம் திரும்பவில்லை. "அவங்களும் பிரமாதமா வாசிப்பாங்க. யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திற, திறந்து சொல் என்று எனக்கு நானே கத்தினேன்.  பூவைச் சுற்றிய காகிதம் என் கையில் சரசரத்தது.

மகள்தான் வாயைத் திறந்தாள்.

"சார், அந்தம்மா இவங்கதான்."

"யாரும்மா?"

"எங்கம்மா. இவங்க இந்தப் பெரியம்மாவோட டான்ஸ் ஸ்கூல்லதான் பியானோ வாசிக்கிறாங்க. நான் பொறந்ததுலேருந்து அங்கதான் வாசிக்கிறாங்க." அவள் நிறுத்தவில்லை. "பழைய பதிப்பு எல்லாம் ஒண்ணும் இல்ல சார். அங்க எல்லாத்தையும் ரெண்டு தடவை வாசிக்கணும். வலது காலுக்கு ஒண்ணு, இடது காலுக்கு ஒண்ணு. பழக்கத்துல வந்துடுச்சு."

நான் எதற்காக மேடை ஏறினேனோ அதை என் பிள்ளை செய்துவிட்டாள். எந்த வெட்கமும் இல்லாமல், தன் பேராசிரியர் முன்னால், அவ்வளவு நேராகச் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டு நான் பொய்க்காரியாக உட்கார்ந்திருந்தேன்.

குச்சி பதறிப்போனாள். "அய்யய்யோ, இல்லைங்க சார். பாப்பா ஏதோ தப்பா நினைச்சுக்கிச்சு. நான் சொன்னது வேற ஒருத்தங்க. இவங்கள நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

"பெரியம்மா, ஏன் பெரியம்மா பொய் சொல்றீங்க?"

"யாரு பெரியம்மா? எனக்கு உன்னைத் தெரியாதும்மா."

குச்சிக்கு நடிக்க வராது. முகம் எல்லாம் வேர்த்திருந்தது. பேராசிரியர் அவளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பேசாமல் இருந்தால் என் பிள்ளை பொய்க்காரி. பேசினால், எனக்காகப் பொய் சொல்லி நிற்கிறவளுக்கு அவமானம். அந்த முடிச்சை நான்தான் போட்டேன், வேறு யாரும் இல்லை.

"என் பொண்ணு சொல்றதுதான் சார் நெசம்" என்றேன். "பதிப்பு ஒண்ணும் கிடையாது. தப்பா வாசிச்சேன். இவங்க என் கூட வேலை பார்க்கிறவங்க. எனக்காகத்தான் தெரியாதுன்னு சொன்னாங்க. இவங்க மேல தப்பு இல்ல."

பேராசிரியர் கையிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "இடது காலுக்கா!" என்று சிரித்துவிட்டார். நல்ல மனுஷர், மனம் விட்டுத்தான் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கல்யாண வீட்ல வாசிச்சு வாசிச்சு, எங்க போனாலும் பொண்ணு உள்ள வர்றதுக்கு நிறுத்துவாரும்மா. கைக்கு என்ன தெரியும்?" என்றார். அதற்குள் இடைவேளை முடிகிற மணி அடித்தது. தொப்பியை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கதவு சாத்தியதும் குச்சி இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏண்டி, ஒரு பொய்யையாவது உருப்படியா சொல்ல விடறியா என்னை? அந்த மனுஷன் முன்னாடி மானத்த வாங்கிட்டீங்களேடி ரெண்டு பேரும்!"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்புமாகக் குச்சியின் தோளில் போய்ச் சாய்ந்தாள். குச்சி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். "பெரியம்மாவையே காட்டிக்குடுக்கிறியா? இரு, உன்னை வீட்ல வந்து கவனிச்சுக்கறேன்." மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஃப்ரெண்ட்ஸ் காத்திருப்பாங்க, இங்க கூட்டிட்டு வரேன், அம்மாவைக் காட்டணும் என்று ஓடினாள்.

நானும் குச்சியும் தனியாக இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சேர்ந்திசைக் குழு பாட ஆரம்பித்திருந்தது. குச்சி நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டாள். ஆடிய காலம் முழுக்க நின்ற கால், எலும்பு புடைத்திருக்கும்.

"கோச்சுக்கிட்டியாடி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கோவமா? எனக்கென்ன கோவம்." காலை நீவிக்கொண்டே இருந்தாள். "பொய் சொன்ன, சரி. பயத்துல சொல்றதுதான். உன் பொண்ணு அன்னிக்கு வாசல்ல சொல்லலையா?"

"மன்னிச்சுடுடி."

"ஆனா அவ சொல்லும்போது முகம் சிவந்துச்சுன்னு நீயே சொன்ன. நானும் கதவுல நின்னு உன் முகத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்." குச்சி நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்கயும் இல்லன்னு சொன்னியே. அப்ப உன் முகம் கொஞ்சம்கூட மாறலடி."

நான் பூவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மகளும் தோழிகளும் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.